பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கியவர்

குழந்தைகளே, ஒரு கணக்கு போடுவோமா?

ஒரு ரப்பர் தோட்டம் விற்பனைக்கு வருகிறது. விலை பல லட்சம். அதை வாங்க விரும்புகிறவர்களோ, அதே தோட்டத்தில் தினக்கூலிக்கு மரம் வெட்டிப் பால் எடுக்கும் தொழிலாளர்கள். யார் கையிலும் சேமிப்பு இல்லை. மாதத்துக்கு 10 வெள்ளி மிச்சம் பிடிப்பதே பெரும்பாடு. வெள்ளி என்பது மலாயா நாட்டுப் பணத்துக்கு அங்குள்ள தமிழர்கள் வழங்கும் பெயர். இந்தத் தொழிலாளர்களால் அந்தத் தோட்டத்தை வாங்க முடியுமா?

முடியவே முடியாது என்றுதான் நீங்கள் விடை எழுதுவீர்கள். நானும் மாணவனாக இருந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால், முடியும் என்றார் ஒருவர். சொன்னதோடு நிற்கவில்லை, வாங்கியும் காட்டினார். அவர் பெயர் வீ.தி. சம்பந்தன். வீராசாமி திருஞானசம்பந்தன் என்பது முழுப்பெயர். மலாயா விடுதலை அடைந்தபோது அதற்கு அடித்தளம் இட்ட தலைவர்களில் ஒருவர். அந்த நாடு இன்று மலேசியா.

மலேசியா எங்கே இருக்கிறது? ஜவ்வாது மலையில் நான் பாடம் நடத்திய காலத்தில் உலக வரைபடத்தை மாட்டிவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பேன். பாதிப் பேர் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மடகாஸ்கரில் விரல் வைப்பார்கள்! சரியான இடம் எதிர்த் திசையில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வங்கக் கடலைக் கடந்து கிழக்கே போனால், அந்தமான் தீவுகளுக்கும் அப்பால், தென்கிழக்கு ஆசியாவில் கீழ்நோக்கித் தொங்கும் ஒரு நீண்ட நிலப்பகுதி தெரியும். அதுதான் மலாயா தீபகற்பம்.

அந்தத் தொலைதூர நாட்டுக்கும் எங்கள் பகுதிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. வெள்ளைக்காரர்கள் மலாயாவில் ரப்பர் தோட்டம் போட்டபோது வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தஞ்சாவூர், திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்தும் எங்கள் வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். அன்றைய வடஆர்க்காட்டில்தான் ஜவ்வாது மலையும் இருந்தது. கங்காணி என்பவர் ஊருக்கு வருவார். வேலை பற்றியும் கூலி பற்றியும் சொல்வார். முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப் போவார். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர் பேச்சு இன்னும் இனிப்பாகக் கேட்டிருக்கும். பிற்காலத்தில் ரஜூலா என்ற கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பல்லாண்டுகள் ஓடியது. அதில் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்று மலேசியாவின் குடிமக்கள்.

தோட்டத்து வாழ்க்கை எப்படி இருக்கும்? பொழுது விடியும் முன்பே பெரட்டு. வேலையாட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதற்கு அந்தப் பெயர். பிறகு ஆளுக்கொரு நிரை மரம். வளைந்த கத்தியால் மரப்பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் கெடும். மேலாக வெட்டினால் பால் வராது. சீவிய கோடு வழியாக வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக மங்கு என்னும் சிறு கிண்ணத்தில் விழும். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும் என்பதால்தான் இருட்டோடு வேலை. குடியிருப்பு, லயம் எனப்படும் வரிசை வீடுகள். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைகள் படிக்கும் சிறிய தமிழ்ப் பள்ளிக்கூடமும் தோட்டத்துக்குள்ளேயே. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை போனால் வீடும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். கதையின் முக்கியமான முடிச்சு அங்கேதான் வரப்போகிறது.

சம்பந்தனின் தந்தை வீராசாமி 1896-ஆம் ஆண்டு மலாயா போனவர். கடுமையாக உழைத்துத் தாமே ரப்பர் தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆனார். அப்படி உயர்ந்தவர்கள் மிகச் சிலரே. பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்ற ஊர். மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆறு! என்ன அழகான பெயர் பாருங்கள். அந்த ஊரில் 1919 ஜூன் 16 அன்று சம்பந்தன் பிறந்தார்.

அருகிலுள்ள கோலாகங்சாரில் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். அந்த ஊரைப் பற்றி ஒரு செய்தி. ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் பிரேசில். அங்கிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், முளைத்த கன்றுகள் கப்பலில் ஆசியாவுக்கு வந்தன. 1877-இல் மலாயாவில் முதன்முதலாக அந்தக் கன்றுகளை நட்ட இடங்களில் ஒன்று கோலாகங்சார். மலாயாவுக்கு இத்தனை தமிழர்களைக் கொண்டுவந்து சேர்த்த மரத்தின் மூதாதை நின்ற ஊரிலேயே சம்பந்தன் பாடம் படித்தார்.

மேற்படிப்புக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். அது நம் நாட்டில் விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம். மாணவர் சம்பந்தனின் மனமும் காந்தியடிகளின் இயக்கத்தின் பக்கம் போனது. வசதியான வீட்டுப் பிள்ளை, பட்டத்தோடு திரும்பிப் போய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அதற்குள் உலகமே தலைகீழாகிவிட்டது.

1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானியர்கள் ஆள் பிடித்தார்கள். தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காட்டுக் காய்ச்சலிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். மரண ரயில்பாதை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. போர் முடிந்த பிறகுதான் சம்பந்தனால் மலாயா திரும்ப முடிந்தது. அவர் விட்டுவந்த நாடு அங்கே இல்லை. வெள்ளைக்காரர்களை யாராலும் அசைக்க முடியாது என்ற எண்ணம் மக்கள் மனத்திலிருந்து போய்விட்டிருந்தது.

1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியது. சுருக்கமாக ம.இ.கா. அதன் முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். சம்பந்தனும் அந்தக் கட்சியில் சேர்ந்தார்.

இரண்டே ஆண்டுகளில் இன்னொரு இடி. 1948 ஜூன் 16. சம்பந்தனின் இருபத்தொன்பதாவது பிறந்தநாள். அன்று காலை சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகளை மலாயாக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அரசாங்கம் அவசரநிலை அறிவித்தது. அது 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. காட்டோரத்தில் வாழ்ந்த லட்சக்கணக்கானோரைப் பெயர்த்து, முள்வேலி போட்ட புதுக் கிராமங்களில் குடியேற்றினார்கள். ஊரடங்கு, சோதனை, அரிசிக்குக் கட்டுப்பாடு. தோட்டத் தொழிலாளியின் பாடு இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளத்தின் பாடு. காட்டில் இருப்பவர்கள் ஒரு பக்கம் மிரட்ட, அரசுப் படை மறுபக்கம் சந்தேகப்பட்டது. இதெல்லாம் நடந்த இடம் சம்பந்தனின் சொந்த ஊர்.

அந்த நெருப்புக்கு நடுவில்தான் அவர் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியை எழுப்பினார். 1954-இல் அதைத் திறந்துவைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்குத் தலைவரான முதல் பெண்மணி அவர். சிறிய தோட்டப் பட்டணத்துத் தமிழ்ப் பள்ளிக்கு அவரே வந்து சேர்ந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1955-இல் சம்பந்தன் ம.இ.கா.வின் தலைவர் ஆனார். வயது முப்பத்தைந்து. இங்கே மலாயாவின் சிக்கலைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். 1957 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 63 லட்சம் மக்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் மலாய்க்காரர்கள். நூற்றுக்கு முப்பத்தேழு பேர் சீனர்கள். நூற்றுக்குப் பதினொரு பேர்தான் இந்தியர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மூன்று மொழி, பல மதம். மூன்று பிள்ளைகள் அடித்துக்கொண்டால் சொத்தைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்று சொல்லும் பெரியவரைப்போல, பிரிட்டிஷார் விடுதலையைத் தள்ளிப்போட வழி இருந்தது. அதற்கு இடம் கொடுக்காமல் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ, மலாயா சீனர் சங்கம், ம.இ.கா. மூன்றும் ஒரே கூட்டணியாக நின்றன. தலைவர் துங்கு அப்துல் ரகுமான். 1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணி வென்றது. சம்பந்தன் தொழிலாளர் துறை அமைச்சர் ஆனார்.

விடுதலை பெறப்போகும் நாட்டில் யார் குடிமகன்? இதுதான் அன்றைய பெரிய கேள்வி. இது ஏதோ காகித விஷயம் என்று நினைக்காதீர்கள். அக்கம்பக்கத்து நாடுகளில் என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும். இலங்கையில் 1948-இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் லட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. பர்மாவில் ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியதும், 1964-இலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். சென்னையில் பர்மா பஜார் தோன்றியது அந்த வகையில்தான். உங்கள் ஊரிலேயே பர்மா காலனி என்று ஒரு தெரு இருக்கலாம்.

மலாயாத் தமிழர்களுக்கு அந்தக் கதி வராதிருக்க ஒரு பேரம் தேவைப்பட்டது. புதிய அரசியல் சட்டத்தில் மலாய்க்காரர்களுக்குத் தனிச்சலுகை நிலைத்தது. மலாய் நாட்டு மொழி ஆனது. அதே சட்டம், விடுதலைக்குப் பின் அந்த மண்ணில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை கொடுத்தது. முன்பே வந்து பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் விண்ணப்பித்துக் குடிமக்கள் ஆக வழி திறந்தது. சம்பந்தன் அதிகமாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அன்றும் சிலர் குறை சொன்னார்கள். இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. நூற்றுக்குப் பதினொரு பேராக இருக்கும் மக்களின் தலைவர் மேசையைத் தட்டிப் பேசியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எனக்கென்னவோ, இலங்கையையும் பர்மாவையும் பார்த்தபின் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

1957 ஆகஸ்ட் 31. நள்ளிரவில் கோலாலம்பூர் திடலில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. விடிந்ததும் புத்தம்புதிய மெர்டேக்கா மைதானத்தில் விழா. மெர்டேக்கா என்றால் விடுதலை. துங்கு கையை உயர்த்தி அந்தச் சொல்லை ஏழு முறை முழங்க, கூட்டமும் ஏழு முறை திருப்பி முழங்கியது. அன்று பிறந்த நாட்டின் அமைச்சரவையில் சம்பந்தனுக்குச் சுகாதாரத் துறை கிடைத்தது. பின்னர் பல ஆண்டுகள் பொதுப்பணி, தபால், தந்தித் துறைகளைப் பார்த்தார். 1959 முதல் 1974 வரை சுங்கை சிப்புட் தொகுதிதான் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் விண்ணப்பம் எழுத வேண்டுமே! தோட்டத்தில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்னும் பலருக்கு மனம் ஊரிலேயே இருந்தது. நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம், இங்கே எதற்குக் குடியுரிமை என்று தள்ளிப்போட்டார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்திரம் எடுத்துக்கொள்ளச் சொல்வது ம.இ.கா.காரர்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. கேட்டவர்களும் உண்டு. கேட்காதவர்களும் உண்டு. அவர்கள் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது முதலில் போட்ட கணக்குக்கு வருவோம்.

விடுதலை நெருங்கியதும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சிலவற்றுக்குக் கலக்கம் வந்தது. நாளை புதிய அரசு என்ன செய்யுமோ என்று தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் பலரும் வியாபாரிகள். அவர்கள் தோட்டம் நடத்த வாங்கவில்லை. ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி, பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று கூறுபோட்டு விற்றால் கொழுத்த லாபம். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்றார்கள். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு மூன்று நான்கு ஆள் போதும். அவர் லயம் கட்டுவாரா? ஆஸ்பத்திரி வைப்பாரா? பள்ளிக்கூடம் நடத்துவாரா? பெரிய தோட்டம் என்ற அமைப்பு கலைந்ததும், இரண்டு தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் ஆராய்ந்து பெரிய அறிக்கையே எழுதினார்.

விற்காதே என்று தடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நிலம் வைத்திருப்பவர் விற்பதைத் தடுப்பது எளிதல்ல. சம்பந்தன் வேறு மாதிரி யோசித்தார். யாரோ ஒருவர் வாங்கத்தானே போகிறார்? அந்த ஒருவர் தொழிலாளியாகவே இருந்தால்?

இதைப் புரிந்துகொள்ள எங்கள் மலைக்கு வாருங்கள். ஜவ்வாது மலைக்காரர்கள் காட்டுத் தேனும் புளியும் கடுக்காயும் சேகரிப்பார்கள், சாமை விளைவிப்பார்கள். ஒருவர் தனியாக ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே சந்தைக்குப் போனால், வியாபாரி சொன்னதுதான் விலை. ஊரே சங்கமாகச் சேர்ந்து நூறு மூட்டையோடு நின்றால், விலையை இவர்களும் சொல்லலாம். கூட்டுறவு என்பது இவ்வளவுதான். சம்பந்தன் இதையே நிலம் வாங்குவதற்குப் பயன்படுத்தினார்.

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். ஒரு பால்வெட்டுத் தொழிலாளி 10 வெள்ளி சம்பாதிக்க மூன்று நான்கு நாட்கள் உழைக்க வேண்டிய காலம் அது. இப்போது பெருக்கிப் பாருங்கள். 10,000 பேர் ஆளுக்கு 100 வெள்ளி போட்டால் பத்து லட்சம் வெள்ளி. முடியவே முடியாது என்று எழுதிய விடையை அழித்துவிடலாம்!

கணக்கு எளிது. மனிதர்களை நம்பவைப்பதுதான் கடினம். கங்காணியிடமும் வட்டிக்கடையிலும் ஏமாந்து பழகியவர்கள், பெரிய மனிதர் ஒருவர் வந்து பணம் கேட்டால் சும்மா கொடுத்துவிடுவார்களா? சம்பந்தன் அமைச்சராக இருந்துகொண்டே தோட்டங்களுக்குப் போனார். மனைவி உமா அம்மையாரும் கூடப் போனார். தோட்டத்து மக்களிடம் அவர்களுக்குப் புரியும் தமிழில், பங்கு என்றால் என்ன, சங்கம் கலைந்தால் என்ன ஆகும், லாபம் எப்படி வரும் என்று விளக்கினார்கள். தோட்ட உரிமையாளர் வீட்டுப் பிள்ளை, தோட்டத்தைத் தொழிலாளிகளே வாங்குங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனதை நினைத்துப் பாருங்கள்!

1961-இல் கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. முதல் தோட்டம். அது துண்டாகவில்லை. லயம் இருந்தது, பள்ளி இருந்தது, பெரட்டு வழக்கம்போல நடந்தது. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. விடியற்காலையில் கத்தியோடு நிரைக்குப் போனவர்களில் பங்கு வாங்கியிருந்தவர்கள், அந்த மரங்களுக்குச் சிறிதளவாவது சொந்தக்காரர்கள். கூலியும் உண்டு, லாபம் வந்தால் பங்குக்கு ஈவுத்தொகையும் உண்டு. அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் சேர்ந்தன. பின்னாளில் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. உறுப்பினர்கள் பல்லாயிரம் பேர்.

எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காப்பாற்ற முடிந்ததா? இல்லை. துண்டாடல் வேகமாக நடந்தது. பத்து வெள்ளிகள் மெதுவாகத்தான் சேர்ந்தன. சங்கம் எட்டாத இடங்களில் மக்கள் சிதறினார்கள். வாங்கிய தோட்டங்களைப் பற்றி மட்டும் பேசி, போன தோட்டங்களை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

இதற்கிடையில் நாடும் மாறிக்கொண்டிருந்தது. 1963 செப்டம்பர் 16 அன்று மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் சேர்ந்து மலேசியா உருவானது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் பிரிந்து தனிநாடு ஆனது. பிறகு 1969 மே 13. தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டது, 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. இடைப்பட்ட காலத்தில் நாட்டை நடத்திய தேசிய நடவடிக்கை மன்றத்தில் சம்பந்தனும் இருந்தார்.

அந்த நாட்களில்தான், பத்திரம் எடுக்காமல் தள்ளிப்போட்டவர்களின் தலையில் அடி விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968-இல் வந்த சட்டம், கலவரத்துக்குப் பிறகு கடுமையாக நடைமுறைக்கு வந்தது. நாற்பது ஆண்டு அதே தோட்டத்தில் உழைத்தவரும், காகிதம் இல்லையென்றால் அயலார். சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் மலேசியாவை விட்டுக் கிளம்பினார்கள். ரஜூலாவிலேயே பலர் திரும்பி வந்தார்கள். சிறு பிள்ளையாகப் போனவர்கள் கிழவர்களாக வந்து இறங்கினார்கள். மலாயாவிலேயே பிறந்த பிள்ளைகள் முன்பின் பார்த்திராத ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். பத்திரம் வைத்திருந்த பக்கத்து லயத்துக்காரர் அங்கேயே இருந்தார். இருவருக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு தாள்.

கலவரத்தின் காயத்தை ஆற்ற தேசிய ஒற்றுமைக்கென்று ஓர் அமைச்சகம் ஏற்பட்டது. 1972-இல் அதை ஏற்றவர் சம்பந்தன். அதே சமயம் சொந்தக் கட்சிக்குள் அவருக்கு எதிர்ப்பு வளர்ந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒருவரே தலைவராக இருந்தால் அப்படி வரத்தானே செய்யும்? துணைத் தலைவராக இருந்த மாணிக்கவாசகத்தின் பக்கம் பலர் சேர்ந்தார்கள். 1973-இல் சம்பந்தன் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். 1974-இல் அமைச்சர் பதவியும் முடிந்தது.

பதவிகள் எல்லாம் போன பிறகும் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. அது பத்து வெள்ளிச் சங்கம். கடைசி வரை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துன் என்பது மலேசியாவின் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்று. அது அவருக்குக் கிடைத்திருந்தது. 1979 மே 18 அன்று துன் சம்பந்தன் காலமானார். அறுபதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைந்த பகுதி பிரிக்பீல்ட்ஸ். அங்குள்ள முதன்மைச் சாலைக்கு இன்று அவர் பெயர். பக்கத்து மோனோரயில் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். நகரின் நடுவே சங்கத்தின் அலுவலகக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் விஸ்மா துன் சம்பந்தன். மலேசியாவில் ரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் பெரும்பாலும் இப்போது எண்ணெய்ப் பனை நிற்கிறது. தோட்டங்களின் முகம் மாறிவிட்டது, சங்கம் இருக்கிறது. பால்வெட்டும் கத்தியோடு இருட்டில் நிரைக்குப் போனவர்கள் அன்று கட்டிய பங்குகள், பல குடும்பங்களில் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.